தெஸ்பினாவின் வெறும் முகம்

பன்னிரண்டு வருஷமாக நான் தெஸ்பினா அக்காவிடம்தான் பேஷியல் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவளுடைய முகத்தை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை என்பது போன குளிர்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் கட்டடத்தில் அவள் இரண்டாவது மாடி, நான் ஐந்தாவது. கீழே, முன்பு சைக்கிள்கள் நிறுத்தி வைக்கும் அறையாக இருந்ததை மாற்றி அவள் பார்லர் வைத்திருந்தாள். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, கண்ணாடி அலமாரி நிறைய பாட்டில்கள். ஆற்றங்கரையில், எல்லையோரமாக இருக்கும் எங்கள் ரூசே நகரத்தில் இதைவிடப் பெரிய பார்லர்கள் எத்தனையோ உண்டு. இருந்தும் ஆற்றுப் பாலம் தாண்டி ரொமேனிய நாட்டுப் பக்கத்திலிருந்துகூட இவளைத் தேடிப் பெண்கள் வந்தார்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் அக்கா முழு ஒப்பனையில் இருப்பாள். குப்பை கொட்ட இறங்கி வந்தாலும் புருவம் தீட்டியிருக்கும். முகம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருக்கும். நான் சொல்வதை மட்டும் செய், உன் தோலும் இப்படி ஆகும் என்பாள். நாங்கள் நம்பினோம்.

அவள் கணவர் ராத்கோ அண்ணன் சுவர்ப்பூச்சு வேலை செய்பவர். சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற கைகள் அவருக்கு. உன் கையில் தீக்குச்சி உரசலாம், என் பக்கத்தில் வராதே என்று அக்கா எங்கள் முன்னாலேயே கிண்டல் செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். அதிகம் பேசாத மனிதர்.

ஜனவரி ஆறாம் தேதி வரும் யோர்தான் திருநாள் கழிந்து மூன்றாம் நாள் அது நடந்தது. நான் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டுகிறேன். காலை ஷிப்ட் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கட்டட வாசல் படியில் முந்தின நாள் உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. அக்கா பார்லர் கதவைப் பூட்டிவிட்டு ஒரு அட்டைப் பெட்டியோடு வெளியே கால் வைத்தாள், அவ்வளவுதான். பெட்டி பறந்தது. முகம் தரையில் படாமல் இருக்க இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் முதலில் கேட்டது, மூஞ்சியில ஏதாவது பட்டிருக்கா என்றுதான்.

முகத்தில் கீறல்கூட இல்லை. மணிக்கட்டு இரண்டும் உடைந்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கையிலும் முழங்கை வரை மாவுக்கட்டோடு வந்தாள். விரல் நுனிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஸ்பூனைக்கூட அவளால் பிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் சூப் எடுத்துக்கொண்டு போனேன். ராத்கோ அண்ணன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வாங்கிக்கொண்டார். உள்ளே விடவில்லை. யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வலிதான் காரணம் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். முகம் கழுவி விடவாவது நான் வரட்டுமா என்று கேட்டேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது, வேண்டாம் என்று. அந்தக் குரலில் இருந்தது வலி இல்லை, பயம்.

கட்டுப் போட்டிருந்த அந்த ஆறு வாரம் உள்ளே என்ன நடந்தது என்பதை அவர்கள் இருவருமே பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்திக்கொண்டே சொன்னார்கள்.

அக்காவுக்கு இருபது வயதிலிருந்து கன்னமும் மூக்கும் சிவந்து போகிற ஒரு தோல் கோளாறு. டாக்டர்கள் ரோசேசியா என்று பேர் சொல்வார்கள். வெயில், காற்று, சூடான சூப், கொஞ்சம் ஒயின், எது பட்டாலும் முகம் எரியும், சிறு கொப்புளங்கள் வரும். அடங்கும், மறுபடி வரும். அதை அவள் ஒவ்வொரு காலையும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பூசி மறைத்தாள். கணவருக்கு விஷயம் தெரியும். ஆனால் அந்தக் கதவைத் தட்டக்கூடாது என்றும் அவருக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கதவுக்குள் அவர்தான் போயாக வேண்டியிருந்தது. முதல் நாள் தன் சோப்பைக் குழைத்து, ஓடு கழுவுகிற மாதிரி முகத்தைத் தேய்த்து, முரட்டுத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார். முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. அக்கா வலியில் அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல் இன்னும் அழுதாள். அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"முதல்ல உன் கையைச் சரி பண்ணு, அப்புறம் என் மூஞ்சியைத் தொடு" என்று அவள் சொன்னாள்.

அவர் செய்தார். நகத்தை ஒட்ட வெட்டினார். குதிகால் தேய்க்கிற பியூமிஸ் கல்லால் காய்ப்புகளைத் தேய்த்தார். கெட்டியான களிம்பை அப்பிக்கொண்டு பருத்திக் கையுறை மாட்டித் தூங்கினார். பகலில் கையுறை போடாமல் சிமெண்டைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் அவர் விரல் நுனிகளுக்கு, அவரே சொன்ன மாதிரி, மறுபடி உயிர் வந்தது. அதுவரைக்கும் அக்கா வெறும் வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் முகத்தில் விடச் சொன்னாள்.

பிறகு பாடம் ஆரம்பித்தது. கழுவுகிற க்ரீம் ஒரு ஹேசல் பருப்பு, அதாவது பெரிய கொண்டைக்கடலை அளவு போதும். முதலில் உள்ளங்கையில் குழைக்க வேண்டும். விரல் நுனியால் வட்டமாக, ஒரு நிமிஷம், எண்ணி ஒரு நிமிஷம். நெற்றி மயிர் ஓரத்தையும் தாடைக்குக் கீழேயும் மறக்கக்கூடாது. துண்டை ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. தோலில் ஈரம் இருக்கும்போதே அடுத்ததைப் போட வேண்டும். தண்ணீர் மாதிரி இருப்பது முதலில், கெட்டியானது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அடிப்பூச்சு இறுகுறதுக்குள்ள மேல்பூச்சு அடிச்சா உரிஞ்சு விழும். இது எனக்குத் தெரியாதா" என்றார். இது சுவர் இல்லை என்று அவள் முறைத்தாள். சுவரைவிட மேல், சுவர் இப்படித் திட்டாது என்று அவர் முனகினார். விழுந்த பிறகு அவள் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

குளியலறை அலமாரியில் பதினொரு பாட்டில்கள் இருந்தன. வரிசை மறக்காமலிருக்க அவர் ஒவ்வொன்றிலும் ஒட்டு டேப் சுற்றி, தச்சுப் பென்சிலால் எண் போட ஆரம்பித்தார். போடும்போது ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். குறும்புக்காக இல்லை. என்ன வேலை என்று தெரியாத பொருளை அவர் எந்தச் சுவரிலும் பூசியதில்லை. முதல் மூன்றுக்கு அக்கா பட்டென்று பதில் சொன்னாள். நாலாவதற்குக் கொஞ்சம் யோசித்தாள். ஏழாவது எட்டாவதற்கு, எல்லாரும் போடுறாங்க என்றாள். பத்தாவதில் வாசனை தூக்கலாக இருந்தது. அதைப் போட்டால் எரியுமா என்று கேட்டார். கொஞ்சம் எரியும் என்றாள். அவர் அதைத் தரையில் வைத்தார். முடிவில் அலமாரியில் நாலு நின்றன: கழுவ ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஒன்று, ஈரம் காக்கும் க்ரீம், சன்ஸ்கிரீன்.

அந்த மருந்தை அக்கா இரண்டு வருஷமாக ஒழுங்காகப் போட்டிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்வாள், தனக்கு நேரமில்லை. இப்போது அவர் கையில் தப்ப முடியவில்லை. காலையில் ஏழு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, தலைகுனிந்து பூச்சு பார்க்கிற அதே கவனத்தோடு. சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பரப்புவார். ஜனவரியில் எதற்கு என்று கேட்டதற்கு, பனியிலிருந்து வெளிச்சம் எழும்பி அடிக்கும் என்று அவள் சொன்னாள். அவர் நம்பவில்லை. பிறகு ஜன்னலில் நின்று கண் கூசப் பார்த்துவிட்டு நம்பினார். எல்லாவற்றையும் முதலில் தன் முகத்தில் போட்டுப் பழகிக்கொண்டுதான் அவளைத் தொட்டார். வேலையிடத்தில் அவர் முகம் பளபளப்பதைப் பார்த்து, என்ன மாப்பிள்ளை, ரெண்டாம் கல்யாணமா என்று கேலி செய்தார்களாம். முதல் கல்யாணமே இப்பதான் ஆரம்பிச்சிருக்கு என்று சொன்னதாக அவர் சொல்கிறார். அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இவர் இல்லை, வீட்டுக்கு வந்து யோசித்துக் கண்டுபிடித்தது என்கிறாள் அக்கா.

பிப்ரவரி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் பென்கா அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். சந்தையில் சீஸ் விற்பவள், வாயாடி, தெஸ்பினா அக்காவின் பழைய வாடிக்கை. சால்வையால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கிக் காட்டினாள். தோலுரித்த தக்காளி மாதிரி இருந்தது முகம். ஜெர்மனியில் இருக்கும் மகன் இரண்டு வருஷம் கழித்து வருகிறான், அவன் கண்ணுக்குக் கிழவியாகத் தெரியக்கூடாது என்று இணையத்தில் தோலுரிக்கும் அமிலம் வாங்கியிருக்கிறாள். அதைப் போட்டாள், போதவில்லை என்று உப்பு வைத்துத் தேய்த்தாள், அதற்கு மேல் சுருக்கம் போக்கும் க்ரீம் ஒன்றையும் பூசினாள். எல்லாம் ஒரே காலையில்.

அவளை இழுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு இறங்கினேன். மணியடித்தேன். யாரும் வரவில்லை.

"அக்கா, பென்கா அக்காவுக்கு மூஞ்சி வெந்து போச்சு. கதவைத் திற" என்றேன்.

ராத்கோ வரட்டும், ரொட்டி வாங்கப் போயிருக்கான் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பென்கா அக்கா அப்போது அழுதாள். சத்தமாக இல்லை, எரிச்சலில் குழந்தை முனகுவது மாதிரி. பிறகு கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. வழுக்கி மேலே போனது. மறுபடி இறங்கியது. முழங்கையால் அழுத்துகிறாள் என்று புரிந்தது. மூன்றாவது தடவை கதவு திறந்தது.

நின்றவள் யார் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. புருவம் இருக்கிற இடமே தெரியவில்லை. கன்னங்களில் செந்நூல் பின்னின மாதிரி நரம்புகள், மூக்கின் இரு பக்கமும் சிவப்பு, அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளங்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பென்கா அக்காவுக்கு எரிச்சல்கூட மறந்துவிட்டது. "பன்னெண்டு வருஷமா எனக்குப் பாடம் எடுத்தியே. உன் மூஞ்சியே இப்படியா?"

"ஆமா, இப்படித்தான். முப்பது வருஷமா இப்படித்தான். உள்ள வா, முதல்ல தண்ணி ஊத்தணும்."

குளியலறையில் என்னைக் குழாயடியில் நிறுத்தினாள். குளிர்ந்த தண்ணீர், ஐஸ் இல்லை. தேய்க்காமல் கையால் அள்ளி அள்ளி ஊற்ற வேண்டும், பென்கா அக்காவே ஊற்றிக்கொள்ளட்டும், அவள் தோல் எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும் என்றாள். பத்து நிமிஷம் பக்கத்திலேயே நின்றாள். பிறகு வாசனையில்லாத வெறும் க்ரீமைக் காட்டி, ஒற்றி ஒற்றிப் போடச் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு வேறு எதுவும் கூடாது, வெளியே போனால் சன்ஸ்கிரீன், சந்தைக் காற்றுக்குத் துணி. கொப்புளம் கிளம்பினாலோ நீர் வடிந்தாலோ நேரே டாக்டரிடம் போக வேண்டும், தன்னிடம் வரக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் கட்டுப் போட்ட கைகள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. வாய் மட்டும் வேலை செய்தது. ஆனால் அவள் கை வேலை செய்து நான் பார்த்த எந்த நாளையும்விட அன்றைக்கு அவள் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

எரிச்சல் அடங்கினதும் பென்கா அக்காவுக்கு வாய் திரும்பிவிட்டது. ஏன் இத்தனை வருஷம் மறைத்தாய் என்று கேட்டாள்.

"வழுக்கைத் தலையன் விக்கிற கூந்தல் தைலத்தை நீ வாங்குவியா?"

பென்கா அக்கா யோசித்தாள். "எனக்குப் பால் ஒத்துக்காது தெரியுமா? ஒரு துண்டு சீஸ் தின்னா ராத்திரியெல்லாம் வயித்து வலி. முப்பது வருஷமா அதைத்தான் விக்கிறேன். ஒருத்திகிட்டயும் சொன்னதில்ல."

ரொட்டியோடு உள்ளே நுழைந்த ராத்கோ அண்ணன், மூன்று பெண்கள் குளியலறையில் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டார்.

பென்கா அக்கா தன் சீஸ் ரகசியத்தை வைத்துக்கொண்டாள், அக்காவின் ரகசியத்தைச் சந்தை முழுக்கச் சொன்னாள். ஒரு வாரம் யாரும் போன் செய்யவில்லை. ஒரு பெண் என்னிடமே வந்து, நம்மை ஏமாற்றியிருக்கிறாள் என்று குறைப்பட்டாள். ஏமாற்றினாள்தான், நானும் அதை மறுக்கவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்லரை விற்றுவிடலாமா என்று கணவரிடம் கேட்டாளாம். அவர், கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் பேசலாம் என்றாராம்.

ஆனால் பென்கா அக்காவின் முகமும் சந்தையில்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் அது ஆறினதை, நாலு வாரத்தில் முன்பைவிட நன்றாக ஆனதைச் சீஸ் வாங்க வந்த எல்லாரும் பார்த்தார்கள். என்ன செய்தாய் என்று கேட்டவர்களிடம், ஒண்ணும் செய்யல, அதான் செஞ்சேன் என்றாள். மெல்ல மெல்ல அக்காவுக்குப் போன் வரத் தொடங்கியது. பேஷியலுக்கு இல்லை. எனக்கும் சொல்லித் தா, வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று.

மகளிர் தினம் அந்த வருஷம் சனிக்கிழமை வந்தது. கட்டு பிரித்துப் பத்து நாள் ஆகியிருந்தது, விரல்கள் இன்னும் மரக்கட்டையாக இருந்தன. அக்காவின் சமையலறையில் ஏழு பேர் உட்கார்ந்தோம். முகம் கழுவ ஏழு வீட்டுப் பாத்திரங்கள், ஏழு கண்ணாடிகள், கையில் எல்லாருக்கும் வசந்தத்தை வரவேற்க மார்ச் மாதம் கட்டும் சிவப்பு வெள்ளை நூல். நூல் நனையும், மேலே தள்ளிக் கட்டு என்றுதான் முதல் பாடம் ஆரம்பித்தது. வீட்டில் வைத்திருந்த எல்லாப் பாட்டில்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மேசையில் இடம் போதவில்லை.

அக்கா வெறும் முகத்தோடு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். ராத்கோ அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் நின்றார். காது சிவந்துவிட்டது அவருக்கு. அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார், நாங்கள் கண்ணாடியைப் பார்த்துச் செய்தோம். கண்ணுக்குக் கீழே மோதிர விரல், அதுதான் அழுத்தாது. கழுத்தில் கீழிருந்து மேலே. புதிதாக எது வாங்கினாலும் தாடை ஓரத்தில் நாலைந்து நாள் போட்டுப் பார்த்த பிறகுதான் முகத்துக்கு. அந்தப் பெரிய கைகள் அவள் கன்னத்தில் பட்டும் படாமல் போவதைப் பார்த்து நான் என் முகத்தில் போட வேண்டியதை மறந்துவிட்டேன். என் கண்ணாடியைத் தட்டி, ஸ்லாதினா, சிவப்பு விளக்கா, ஏன் நிக்கிறே என்றாள் பென்கா அக்கா.

பிறகு அக்கா ஒவ்வொருத்தியாகக் கிட்டே வந்து பார்த்தாள். என்னிடம் வந்ததும் ஜன்னல் பக்கம் திருப்பினாள். எங்கள் ஊரில் டிரைவர் இருக்கை இடது பக்கம், அதனால் டிராலிபஸ் ஓட்டுகிறவர்களுக்கு இடது கன்னம்தான் ஜன்னல் பக்கம். என் இடது கன்னம் வலது கன்னத்தைவிடப் பத்து வயது மூத்தது, அது எனக்கே தெரியும். அங்கே காதுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு, முத்து மாதிரி மினுமினுப்பாக. பரு என்று நினைத்து அதில் மாதக்கணக்கில் எதையெதையோ தடவிக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன போடலாம் என்று கேட்டேன்.

அக்கா வெகு நேரம் பார்த்தாள். "இதுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல. இது க்ரீம் வேலை இல்ல. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறே."

வேலை இருக்கிறது, வாரக் கடைசியில் போகிறேன் என்றேன்.

"திங்கக்கிழமை. நான் கூட வர்றேன்."

வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்த வெறும் முகத்தோடு, என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தோல் புற்றின் மெதுவான வகை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்து நாலு தையல் போட்டார்கள். அதோடு முடிந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வரும் வழியில் அவளைக் கேட்டேன்.

"தினமும் காலையில ஒரு மோசமான தோலை உத்து உத்துப் பார்த்திருக்கேன்ல. நல்ல தோல்காரிக்கு இதெல்லாம் கண்ணுல படாது" என்றாள்.

மே மாதம் பார்லர் திறந்தது. மூன்று வாடிக்கைகள் திரும்பவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளத் தெரிந்துவிட்டது என்று ஒருத்தி நேராகவே சொல்லிவிட்டாள். அன்று முழுக்க அக்காவுக்கு முகம் தொங்கிப் போயிருந்தது, ஆனாலும் மகளிர் தினத்திலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை நடத்தும் வகுப்பை அந்த மாதமும் நிறுத்தவில்லை. அவள் தோல் குணமாகிவிடவில்லை. அடங்கியிருக்கிறது. காற்றடித்தால் சிவக்கிறது. வலது மணிக்கட்டு முழுசாகத் திரும்புவதில்லை, அதனால் இப்போது பாதி வேலையை இடது கையால் செய்கிறாள். உதட்டுச் சாயம் மட்டும் போடுகிறாள், அதுவும் பிடிக்கும் என்பதால்.

போன வாரம் நான் உள்ளே நுழைந்தபோது பாலம் தாண்டி வந்த ஒரு புது ரொமேனியப் பெண் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கள் முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று தயங்காமல் கேட்டாள். அக்கா விளக்கை இழுத்துத் தன் கன்னத்தின் மேல் விழ வைத்து, கிட்டே வந்து பாரு, ஒண்ணொண்ணா சொல்றேன் என்று குனிந்தாள்.